ஒரு மில்லிமீட்டர் நீளப் பொய்

நான் சொன்ன முதல் பொய்யின் நீளம் ஒரு மில்லிமீட்டர். அதற்கப்புறம் எவ்வளவோ நீளமான பொய்களைச் சொல்லியிருக்கிறேன். சிலவற்றை அச்சில்கூட ஏற்றியிருக்கிறேன். ஆனால் அளவு இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த பொய் வேறெதுவும் என் வசம் இல்லை.

மில்லிமீட்டர் என்றால் என்ன என்று இப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வட துருவத்திலிருந்து பூமியின் நடுக்கோடு வரைக்கும் உள்ள தூரத்தை எடுத்துக்கொண்டு, அதைக் கோடி பங்காக்கி, ஒரு பங்குக்கு மீட்டர் என்று பெயர் வைத்தார்கள். அந்த மீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு மில்லிமீட்டர். பூமியையே கோடியாலும் ஆயிரத்தாலும் வகுத்து எடுத்த அந்தத் துணுக்கு, உலகத்தில் எத்தனையோ இடம் இருக்க, தங்கவயலில் சுரங்க ஆட்களின் வரிசை வீடுகளான லைனில் எங்கள் வீட்டு மண் சுவருக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

ஊருக்கு மின்சார விளக்கு வராத காலம் அது. எனக்கு ஒன்பது வயது. சுரங்கத்தில் பாறையைத் தோண்டி எடுத்த இடத்தில் மேற்பாறை இறங்கிவிடாமல் மரம் முட்டுக் கொடுக்கிற ஆட்களுக்கு அப்பா மேஸ்திரி. சுரங்கம் பூமிக்குள்ளே அடுக்கடுக்காக இறங்கும்; ஒவ்வோர் அடுக்குக்கும் லெவல் என்று பெயர். அப்பாவுக்கு மேலே ஓர் இத்தாலிக்காரர். வெள்ளைக்காரர்களிலும் எங்கள் ஊரில் தராதரம் உண்டு. இங்கிலீஷ்காரர் முழுத் துரை. இத்தாலிக்காரர் அரைத் துரை. முழுத் துரைகள் பில்லியர்ட்ஸ் ஆடுகிற இடத்தில் அவருக்கு நாற்காலி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாதா கோயிலுக்கு வந்து, எங்கள் ஆட்களோடு ஆளாக முழங்காலில் நின்று பூசை கண்டுவிட்டுப் போவார். முழுத் துரைகளும் நாங்களும் அடி, அங்குலம் என்று அளந்துகொண்டிருக்க, அவர் மட்டும் தம் ஊரிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் நிற மடக்கு அளவுகோலை விடாமல் வைத்திருந்தார். அதில் அங்குலம் தேடினால் கிடைக்காது. எறும்பு வரிசை போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கோடுகள்தான் இருக்கும்.

அந்த ஆண்டு மழை ஓய்ந்த சமயத்தில் ஒரு நாள் ஏர் பிளாஸ்ட் வந்தது. பூமிக்குள்ளே பாரம் தாங்காமல் பாறை வெடிப்பதற்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். வீட்டில் இருப்பவர்களுக்கு அது காலுக்கடியில் யாரோ ஒருமுறை கனைத்தது போல இருக்கும். பானைகள் ஒன்றோடொன்று பேசும்; பிறகு அடங்கிவிடும். அன்று அடங்கிய பிறகு பார்த்தால், அம்மா படுக்கிற பக்கத்துச் சுவரில் ஒரு விரிசல். உத்தரத்தின் மூலையில் புறப்பட்டு, ஏறக்குறைய படுத்த வாக்கில், சுவரின் பாதி வரை ஓடியிருந்தது. அம்மாவுக்கு அப்போது ஏழு மாதம். விரிசலைப் பார்த்தாள், பெட்டியிலிருந்த மாதா படத்தை எடுத்து அதன் மேல் மாட்டினாள். அவளைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது.

அப்பாவுக்கு முடியவில்லை. மறுநாளே இத்தாலிக்காரரைக் கூட்டிவந்தார். மாதாவை நகர்த்தச் சொல்ல அரைத் துரைக்கு மனம் வரவில்லை. விரிசல் சுவரின் மறுபக்கமும் தெரிந்ததால் அங்கே, பின்பக்கக் கூரைச் சார்ப்புக்குள் போய், சுரங்கத்துப் பாறை விரிசலுக்குச் செய்வது போலவே அதற்கு மேலே ஓர் ஆணி, கீழே ஓர் ஆணி அடித்தார். இரண்டு கொண்டைக்கும் நடுவே அளவுகோலை வைத்துக் குனிந்து பார்த்தார். சுரங்கத்து ஆட்களிடம் கற்ற தமிழில் தீர்ப்புச் சொன்னார்.

“இது முப்பது. தினம் பாரு. முப்பது, நல்லது. முப்பத்தொண்ணு, அம்மா போ, பாப்பா போ. சுவர் பாக்காதே. நம்பர் பாரு.”

“ஒண்ணுன்னா எம்மாம்?” என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

அப்பா குரல் கொடுத்தார். “ஒரு எள்ளு மொத்தம்.”

“எள்ளு மொத்தத்துக்கு வூட்ட வுட்டுப் போவணுமா? நல்லா கீதே!”

“அவரு சொன்னா சொன்னதுதான். முப்பத்தொண்ணு ஆச்சின்னா உன்னையும் பாப்பாவையும் வேலூர் வண்டி ஏத்திடுவேன். உங்க அம்மா வூட்ல போய் இரு.”

போகும்போது அரைத் துரை ஓர் உடைந்த மடக்கு அளவுகோலின் ஒரு துண்டை அப்பாவிடம் தந்தார். வீட்டில் இலக்கம் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர், அப்பாவும் நானும். அப்பாவுக்கு ஷிப்டு மாறிக்கொண்டே இருக்கும். அளவோ தினம் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். ஆகவே பின்னலும் பாவாடையுமாக நான் அந்த உத்தியோகத்துக்கு வந்தேன். அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த எந்த உத்தியோகமும் என்னை அவ்வளவு கர்வப்படுத்தியதில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம், “மில்லிமீட்டர்னா இன்னா சார்?” என்று எழுந்து நின்று கேட்டேன். அவர் சிறிது நேரம் கூரையைப் பார்த்துவிட்டு, “அது பரீட்சைக்கு வராது, உக்காரு” என்றார். அவருக்குத் தெரியாதது ஒன்று எனக்குத் தெரிந்திருந்ததில், நான் ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

தினம் காலையில், கஞ்சி குடிப்பதற்கு முன்னால், சார்ப்புக்குள் போய் ஆணிகளுக்கு நடுவே துண்டை வைப்பேன். ஒரு கண்ணை மூடிக்கொள்வேன். அது அரைத் துரை செய்தது. அவசியமா என்று தெரியாது, செய்தால் கௌரவமாக இருந்தது. உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வரும்.

“இன்னாடி, இன்னிக்கி?”

“முப்பது.”

“மாதாவே” என்பாள். உடனே அடுப்பில் சுள்ளி முறியும் சத்தம் கேட்கும். அந்த எண் வருகிற வரைக்கும் அவள் அடுப்பு மூட்டமாட்டாள் என்பதை நான் கவனித்திருந்தேன். என் எண் ஒரு நாளையே துவக்கிவைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படி இருக்கையில் இரண்டு சம்பவங்கள் நடந்தன. முதலாவது, கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்குக் கோயில் பிள்ளைகள் போடுகிற நாடகத்தில் எனக்குச் சம்மனசு வேஷம், அதாவது தேவதூதன் வேஷம், கிடைத்தது. இடையர்களுக்கு நற்செய்தி சொல்கிற சம்மனசு. ஒரே ஒரு வசனம்தான். ஆனால் கடைசி வரிசை வரை கேட்க வேண்டும். அந்த விதத்தில் ஊரில் எனக்கு நிகர் கிடையாது. தண்ணீர்க் குழாயடியில் பழகிய தொண்டை. மூங்கில் சிம்பில் காகிதம் ஒட்டிச் சிறகு செய்தார்கள். தங்கம் தோண்டுகிற ஊரிலும் சம்மனசுக்குக் கிடைத்தது ஜிகினாதான். எனக்கு அது போதுமாக இருந்தது. எனக்கு உடம்பு சரியில்லாமல் போனால் கட்டிக்கொள்வதற்கென்று இன்னொரு பெண்ணையும் தயார் செய்திருந்தார்கள். அவள் தினமும் என்னைப் பார்த்து, “இருமறியா?” என்று விசாரிப்பாள்.

இரண்டாவது, அம்மாவின் தம்பி வேலை தேடிக்கொண்டு வந்து சேர்ந்தார். வந்த மூன்றாம் நாள் கல் அரைக்கிற மில்லில் வேலை கிடைத்தது; கிடைத்த அன்றே ஒரு பழைய கோட்டும் வாங்கிவிட்டார். கம்பளித் துணி, கருங்கல் கனம். மாமா படுப்பது சார்ப்பில். வேலை முடிந்து சாராயக்கடைப் பக்கமாகச் சுற்றிவிட்டு, நாங்கள் படுத்த பிறகு வருவார். பொழுது விடியுமுன் குளிருக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவார். சார்ப்பில் அவர் இருந்ததற்கு அடையாளம் சுருட்டு வாசனை மட்டும்தான்.

திருநாளுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது, ஒரு காலையில் அளவு முப்பத்தொன்று வந்தது.

மறு கண்ணை மூடிப் பார்த்தேன். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தேன். துண்டைத் திருப்பி வைத்தேன். கோடு அசையவில்லை. அந்த ஒரு கோட்டுக்கு அந்தப் பக்கம் வேலூர் வண்டி நின்றது. இந்தப் பக்கம் என் சிறகுகள் இருந்தன. வண்டி கிளம்புகிற அன்றே அவற்றை அந்த இருமல் விசாரிக்கிறவள் கட்டிக்கொள்வாள்.

“இன்னாடி, இன்னிக்கி?”

“முப்பது” என்றேன்.

“மாதாவே.” சுள்ளி முறிந்தது.

பொய் சொல்வது கடினம் என்று சொல்லியிருந்தார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அதற்குப் பின்னால்தான் கஷ்டம். அன்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அம்மாவின் பாயைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டேன்.

“இன்னாத்துக்குடி இது?”

“எறும்பு வருது.”

மறுநாள் பூரான். அதற்கு மறுநாள் சுவர் ஈரம். நான்காம் நாள் காரணம் தீர்ந்துவிட்டது. வெறுமனே இழுத்துப் போட்டேன். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “பாய இழுத்து இழுத்து என்னைய பக்கத்து ஊரு பூதிகோட்டைக்கே கொண்டுபோயிடுவ போல கீதே!” நான் சிரிக்கவில்லை. ஒரு மில்லிமீட்டரை மறைத்துவிட்டு அதை முழக்கணக்கில் திருப்பிச் செலுத்திக்கொண்டிருந்தேன். அவள் தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதையும், அதற்கு மேலே மாதா படம் ஆடாமல் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். காலையில் மறுபடியும் முப்பத்தொன்று. மறுபடியும் “முப்பது.”

சனிக்கிழமை நாடகப் பிள்ளைகள் எல்லோரையும், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு அழைத்துப் போனார்கள். எங்கள் சாமியார் பிரெஞ்சுக்காரர், வயதானவர். தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சு வாங்குவது கேட்டது.

“பொய் சொன்னேன் சாமி.”

“எத்தனை தடவை?”

“அஞ்சி தடவை.”

“சிறிய பொய்யா, பெரிய பொய்யா?”

கோயிலுக்குள் பொய் சொல்லக்கூடாதே என்று உள்ளபடி சொன்னேன். “ஒரு மில்லிமீட்டர் சாமி.”

தட்டிக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்குவது நின்றுவிட்டது. அந்தச் சொல்லை அவர் தம் ஊரை விட்டு வந்த பிறகு யார் வாயிலும் கேட்டிருக்கமாட்டார். அதுவும் பாவத்தின் அளவாகக் கேட்டிருக்க வழியே இல்லை. பிறகு முழுவதையும் சொல்லச் சொன்னார். சொன்னேன். பத்துத் தடவை ‘அருள் நிறைந்த’ என்ற மாதா மந்திரம் சொல்ல அபராதம் விதித்தார். “இன்றைக்கே அப்பாவிடம் சொல், மகளே. சிறகு இல்லாத சம்மனசையும் சர்வேசுரன் பார்ப்பார்” என்றார். சர்வேசுரன் பார்ப்பார், சரி. ஊர் ஜனம் பார்க்க வேண்டாமா? மந்திரத்தைப் பத்துக்கு இருபதாகச் சொல்லிவிட்டு, மற்றதை நாளைக்கு ஒத்திவைத்தேன்.

நாளை என்பது ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, நான் வாய் திறக்க நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது, அப்பாவோடு அரைத் துரையே வீட்டுக்கு வந்துவிட்டார். சுவரைப் பார்க்கத்தான். சார்ப்புக்குள் போய்க் குனிந்தார். ஒரு கண்ணை மூடினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“பாப்பா இன்னா சொன்னே?”

அப்பா எனக்காகப் பெருமையோடு பதில் சொன்னார். “முப்பதுங்க தொரை. ஒரு நாள் வுடாம பாக்கறா.”

“இது முப்பத்தொண்ணு.”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. சொன்னேனே, தொண்டை பழகிய தொண்டை. பக்கத்து வீட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். சிறகு, வேலூர் வண்டி, இருமல், பூரான் எல்லாம் ஒழுங்கில்லாமல் வெளியே வந்தன. அம்மா வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் என்னைத் திட்டவில்லை. தலைக்கு மேலே சுவரைப் பார்த்தாள். பிறகு ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு மெதுவாக வாசலுக்கு இறங்கினாள்.

அந்த நேரத்தில்தான் மாமா வந்தார். ஞாயிறு என்பதால் பகலிலேயே சுற்றி முடித்திருந்தார். கூட்டத்தைப் பார்த்து, “இன்னாக்கா, யாரு பூட்டாங்க?” என்று இழவு விசாரிப்பது போலக் கேட்டுக்கொண்டே சார்ப்புக்குள் நுழைந்தார். அரைத் துரைக்கு ஒரு சலாம் போட்டார். கருங்கல் கனத்துக் கோட்டைக் கழற்றினார். வழக்கமான இடத்துக்குக் கை தானாகப் போயிற்று. கீழ் ஆணியில் அதை மாட்டினார்.

எல்லோருடைய தலையும் அவர் பக்கம் திரும்பியது.

“இன்னா மாமா? இன்னாத்துக்கு எல்லாம் என்னையே பாக்கறீங்கோ?” என்று அவர் அப்பாவைக் கேட்டார்.

“தினமும் இதுலதான் மாட்டறியா?” அப்பாவின் குரல் மிகவும் மெதுவாக இருந்தது.

“பின்ன? ஆணி எதுக்கு அடிப்பாங்கோ?”

அந்த ஆணி எதற்கு என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அப்பா சொல்லியிருப்பார் என்று அம்மாவும், அம்மா சொல்லியிருப்பாள் என்று அப்பாவும் இருந்திருக்கிறார்கள். சுவரில் ஓர் ஆணி வெறுமனே இருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கக்கூடிய மனிதர் எங்கள் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை. அரைத் துரை கோட்டை எடுத்து மாமாவின் தோளில் போட்டார். கீழே தொங்கிவிட்ட ஆணியைக் கட்டைவிரலால் நிமிர்த்தினார். அளவுகோலை வைத்தார்.

“முப்பது” என்றார். அப்புறம் அவர் சிரித்த சிரிப்பு முழுத் துரைகளின் பங்களா வரை கேட்டிருக்கும். சுவர் அசையவே இல்லை. இனி அசையாது, அம்மா இங்கேயே பிள்ளை பெறலாம் என்று கையாலும் வாயாலும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அப்பா என்னைத் தனியாக உட்கார வைத்துக்கொண்டார். அடிப்பார் என்று நினைத்தேன். “ஆணி தப்பு சொல்லலாம் கண்ணு. படிக்கிறவ சொல்லக்கூடாது. உன் வாய நம்பி ஒருத்தி அடுப்பு மூட்டறா” என்றார். அவ்வளவுதான். அம்மாவோ, “சம்மனசு வேஷத்துக்கு நல்ல ஆளாத்தான் புடிச்சிக்கிறாங்க” என்று சொல்லிவிட்டு என் சிறகில் ஒட்டு விட்டுப்போன இடத்துக்குப் பசை காய்ச்சினாள்.

வெட்கப்பட வேண்டியவள் நான். ஆனால் என் புத்தி அன்றைக்கே வேறு திசையில் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. நான் முப்பது என்றேன், முப்பதாகத்தான் இருந்தது. அப்படியானால் நான் சொன்னது பொய்யா? முப்பத்தொன்று என்று நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அல்லவா அது பொய்யாகியிருக்கும்? யோசிக்க யோசிக்க எனக்கு என் மீது மதிப்பு கூடியது. முப்பதுக்கு மேலே எந்த எண் வந்தாலும் அது ஆணியின் கோளாறு என்பதே என் முடிவு. நாடகத்தில் நற்செய்தியைக் கடைசி வரிசைக்கும் அப்பால் கேட்கும்படி அறிவித்தேன். இருமல் விசாரித்தவள் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டாள்.

திருநாள் கழிந்து ஒரு வாரம் இருக்கும். அப்பாவுக்கு இரண்டாம் ஷிப்டு. சாப்பிட்டுவிட்டுப் பின்பக்கம் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தேன். துவைப்பதற்காக அப்பாவின் சட்டையை உதறிய அம்மா, பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். நான்காய் மடித்து, வியர்வையில் ஊறிய காகிதம்.

“இன்னா எழுதிக்கீது இதுல? படி.”

மேலே “பதினோராம் லெவல், தெற்கு” என்று அப்பாவின் முரட்டுக் கையெழுத்தில் இருந்ததை முதலில் உரக்கப் படித்தேன். அதன் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக எண்கள். எங்கள் வீட்டுச் சுவரில் லெவல் எதுவும் கிடையாது என்பது எனக்கு உறைக்கவில்லை.

“முப்பது. முப்பது. முப்பத்தொண்ணு. முப்பத்திமூணு. முப்பத்தினாலு. முப்பத்தியாறு.”

“கடசீல இன்னா சொன்ன?”

“முப்பத்தியாறு.”

அம்மா கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். ஒரு கை விரல்களை மடக்கினாள், போதவில்லை, மறு கையில் ஒன்றை மடக்கினாள். “ஆறு எள்ளு” என்று தனக்குத்தானே சொன்னாள்.

எனக்கு விஷயம் பளிச்சென்று புரிந்துவிட்டது. என்னை நம்பாமல் அப்பா தாமே இரகசியமாகச் சுவரை அளந்திருக்கிறார். பாவம், சரியாகப் படிக்கத் தெரியவில்லை. “நைனா தப்பா படிச்சிக்கிறாரும்மா. ஆணி சாஞ்சிருக்கும். நான் திருத்தித் தரேன்” என்று சொல்லி, பள்ளிக்கூடப் பென்சிலை எடுத்தேன். வாத்தியார் போடுகிற மாதிரியே ஒவ்வொரு தப்பையும் குறுக்கே அடித்து, பக்கத்தில் முப்பது, முப்பது என்று அழகாக எழுதினேன்.

அப்பா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். காகிதத்தை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் விரல்கள் இன்னும் மடக்கியபடியே இருந்தன.

“எல்லாமே முப்பதா கண்ணு?”

“எல்லாமே முப்பதுதான் நைனா. நீ ஆணிய நிமித்தாம படிச்சிட்ட.”

அப்பா என் பென்சில் கோடுகளின் மேல் ஒருமுறை விரலை ஓட்டினார். பிறகு காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து, போட்டிருந்த சட்டையின் பையில் வைத்துக்கொண்டார். அம்மாவின் பக்கம் திரும்பாமலே, “ஆமா. நிமித்தாம படிச்சிட்டேன். முப்பதுதான். அதான் இன்னிக்கி நல்லா மரம் வெச்சி நிமித்தப் போறோம்” என்றார். என் தலையில் கை வைத்து ஒருமுறை அழுத்தினார். நான் செய்த உதவிக்கு நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

வழக்கமாக அம்மா அடுப்படியிலிருந்தபடியே “போய்ட்டு வரீங்களா” என்று ஒரு குரல் கொடுப்பதோடு சரி. அன்று எட்டு மாதத்து வயிற்றோடு அப்பாவின் சோற்றுத் தூக்கைத் தானே எடுத்துக்கொண்டு லைனின் கோடி வரைக்கும் கூடப் போனாள். அங்கே அதை அவரிடம் கொடுத்தாள். கொடுத்த பிறகும் வரவில்லை. அவர் சாலை திரும்பி மறைந்த பின்னும், ஷிப்டு சங்கு ஊதி ஓய்ந்த பின்னும், முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு வெயிலில் அப்படியே நின்றாள். நான் வாசலில் நின்று இரண்டு தடவை கூப்பிட்டேன். அவள் வந்தால்தானே கஞ்சிக்கு உப்பு எடுத்துத் தருவாள்? அது ஆறிக்கொண்டே இருந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.